டேட்டாபேஸைக் கண்காணிக்க வரும் டூல் எதையெல்லாம் பார்க்கிறது?

சின்ன டீம்களில் டேட்டாபேஸுக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. ஆப் எழுதுகிறவரே டேபிளும் போடுகிறார், வரிகளைச் சீக்கிரம் தேடி எடுக்க உதவுகிற இன்டெக்ஸும் போடுகிறார், ராத்திரி சைட் படுத்துவிட்டால் எழுந்து பார்ப்பதும் அவர்தான். அதனால் "பெர்ஃபார்மன்ஸ், செக்யூரிட்டி இரண்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இந்த ஏஜென்டை மட்டும் போட்டுவிடுங்கள்" என்று ஒரு டூல் வந்து நின்றால் மனசு உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எங்கள் டீமும் அப்படிப்பட்டதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஓடுகிற ஒரு பில்லிங் சிஸ்டம். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், ஜிஎஸ்டி நம்பர், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அதற்குத் தோதாக ஒரு டூல் தேடி, சமீபத்தில் வரிசையாகச் சிலவற்றை இறக்கிப் பார்த்தோம். பார்த்ததை எழுதி வைக்கிறேன், இதே நிலைமையில் இருக்கிற மற்ற டீம்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதலில் ஒன்று. ஒவ்வொரு டூலின் முகப்பிலும் ஒரு பெரிய அட்டவணை இருக்கும், எங்களிடம் இது உண்டு அவர்களிடம் இது இல்லை என்று. தேர்வு செய்ய அது எங்களுக்கு உதவவே இல்லை. உதவியது இரண்டே கேள்வி. இந்த டூல் என் டேட்டாபேஸுக்குள் எதையெல்லாம் பார்க்க முடியும், பார்த்ததை எங்கே கொண்டுபோகிறது? நான் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து வைத்தால் அதைக் கண்டுபிடித்து எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சின்ன விஷயம்.

முதல் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்காணிக்கிற டூலும் டேட்டாபேஸில் ஒரு யூசர்தான். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு என்ன உரிமை கொடுக்கலாம் என்று எத்தனை யோசிப்போமோ அதே யோசனை இதற்கும் வேண்டும். நாங்கள் பார்த்ததில் ஒரு டூலின் இன்ஸ்டால் பக்கம் எடுத்த எடுப்பிலேயே சூப்பர்யூசர் அக்கவுன்ட் கேட்டது. அதை அங்கேயே மூடிவிட்டோம். போஸ்ட்கிரெஸில் சூப்பர்யூசர் என்றால் எல்லா டேபிளையும் படிக்கலாம் என்பதோடு நிற்பதில்லை. காப்பி கமாண்டில் புரோகிராம் என்ற வசதி இருக்கிறது, 9.3 பதிப்பிலிருந்து உண்டு. அதை வைத்து டேட்டாபேஸ் ஓடுகிற சர்வரிலேயே எந்த ஷெல் கமாண்டையும் ஓடவிடலாம். 2020 டிசம்பரில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யூனிட் 42 ஆட்கள் பிஜிமைனர் என்று ஒரு பாட்நெட்டைப் பற்றி, அதாவது களவாகக் கைப்பற்றிய மெஷின்களின் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். அது பாஸ்வேர்டை ஊகித்து போஸ்ட்கிரெஸுக்குள் புகுந்து, இதே வசதியைப் பயன்படுத்தி கிரிப்டோ மைனரை ஓடவிட்டது. ஆகவே கண்காணிப்பு டூலின் பாஸ்வேர்ட் எங்கோ ஒரு கான்ஃபிக் ஃபைலில் கிடந்து வெளியே போனால் போகப்போவது முழு சர்வர்.

சூப்பர்யூசர் தேவையே இல்லை என்பதுதான் இதில் ஆதங்கப்பட வைக்கிற விஷயம். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-லேயே பிஜி மானிட்டர் என்று ஒரு ரோல், அதாவது உரிமைகளின் தொகுப்பு, தயாராக வந்துவிட்டது. செட்டிங்ஸ், புள்ளிவிவர வியூக்கள் எல்லாவற்றையும் அது படிக்கும், உங்கள் டேபிளுக்குள் இருக்கிற வரிகளைப் படிக்காது. பெர்ஃபார்மன்ஸ் டூலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு டூல் சூப்பர்யூசர்தான் வேண்டும் என்று கேட்டால், அதை எழுதியவர்கள் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, பிஜி மானிட்டர் மட்டும் கொடுத்தால் நிம்மதியா? அதுவும் முழுசாக இல்லை. க்வெரி புள்ளிவிவரங்களைச் சேர்க்கிற பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன், வழக்கமான செலக்ட், அப்டேட் க்வெரிகளில் இருக்கிற நிஜ மதிப்புகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டாலர் 1, டாலர் 2 என்று போட்டு வைக்கும், அது நல்லது. ஆனால் இந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கிற க்வெரிகளைக் காட்டுகிற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூ அப்படிச் செய்வதில்லை. ஆப் எப்படி அனுப்பியதோ அப்படியே காட்டும், இயல்பாக 1024 பைட் வரைக்கும். உங்கள் ஆப் போன் நம்பரை க்வெரிக்குள்ளேயே ஒட்டி அனுப்புகிறது என்றால், அந்த வியூவைப் பத்து விநாடிக்கு ஒருமுறை படித்து வெளியே அனுப்புகிற டூல் அந்த நம்பரையும் சேர்த்தே அனுப்புகிறது.

டேட்டாபேஸ் எழுதி வைக்கிற பதிவான லாக் இன்னும் மோசம். மெதுவாக ஓடுகிற க்வெரிகளைப் பிடிக்க எல்லோரும் லாக் மின் டியூரேஷன் செட்டிங்கைப் போடுவோம். அது க்வெரியை முழு மதிப்புகளோடு எழுதும். தனியாக அனுப்புகிற பாராமீட்டர்களையும் டீடெயில் வரியில் எழுதிவிடும். பதிப்பு 13-லிருந்து அந்தப் பாராமீட்டர்களின் நீளத்தைக் குறைக்கவோ முற்றிலும் நிறுத்தவோ செட்டிங் இருக்கிறது, அது இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. டேபிள், ரோல் போன்றவற்றை உண்டாக்குகிற, மாற்றுகிற டிடிஎல் கமாண்டுகளை லாக் செய்ய வைத்திருந்தால் ஒரு ரோலின் பாஸ்வேர்டை மாற்றுகிற கமாண்டும் பாஸ்வேர்டோடு அப்படியே லாக்கில் உட்கார்ந்துவிடும். இதற்காகவே போஸ்ட்கிரெஸோடு வருகிற பிஎஸ்க்யூஎல் என்ற கமாண்ட் லைன் டூலில் பாஸ்வேர்ட் மாற்றுவதற்கென்று தனி கமாண்ட் இருக்கிறது. அது நம் மெஷினிலேயே பாஸ்வேர்டை ஹாஷ் செய்துவிட்டுத்தான் அனுப்பும். இப்போது இந்த லாக் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய் வேறு ஒருவருடைய க்ளவுடில் வைக்கிற டூலை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் பலரும் கவனிக்காத ஓர் இடம், க்வெரியை எப்படி ஓட்டலாம் என்று முடிவு செய்கிற பிளானருக்காக போஸ்ட்கிரெஸ் சேர்த்து வைக்கிற காலம் (column) புள்ளிவிவரங்கள். ஒவ்வொரு காலத்திலும் அடிக்கடி வருகிற மதிப்புகள் எவை, ஹிஸ்டோகிராம் எல்லைகள் எவை என்று அதில் இருக்கும். அவை நிஜ மதிப்புகள். இமெயில் காலம் என்றால் அதில் நிஜ இமெயில்களே இருக்கும். இன்டெக்ஸ் ஆலோசனை நன்றாக வர வேண்டும் என்று சொல்லி அந்த டேபிளுக்கு அனுமதி கேட்கிற டூல்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கலாம், ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் பிஜிஅனலைஸை மதிக்கிறேன். காசு கட்ட வேண்டிய சேவைதான், ஆனால் நம் சர்வரில் ஓடுகிற கலெக்டரின் கோட் திறந்தே கிடக்கிறது, எதை அனுப்புகிறது என்று படித்துப் பார்க்கலாம். க்வெரியில் இருக்கிற மதிப்புகளையும் லாக்கில் இருக்கிற ரகசியங்களையும் அனுப்புவதற்கு முன்பே வடிகட்ட செட்டிங்ஸ் இருக்கின்றன. எந்தச் சேவையிடமும் இதுதான் கேட்க வேண்டிய கேள்வி: வடிகட்டுவது என் சர்வரில் நடக்கிறதா, உங்கள் சர்வருக்கு வந்த பிறகா? "எங்களிடம் வந்ததும் மறைத்துவிடுவோம்" என்பது பதில் இல்லை. விற்பனை ஆட்களிடம் இதைக் கேட்டால் சில இடங்களில் நேராகப் பதில் வந்தது, சில இடங்களில் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பட்டியல் வந்தது. இரண்டாவது ரகத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

இந்தியாவில் தொழில் செய்கிறவர்களுக்கு இது வெறும் நல்ல பழக்கம் என்பதைத் தாண்டிவிட்டது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு டூலின் மலிவான பிளானில் ஒரு வாரத்து லாக்தான் கிடைக்கும் என்றால், அதை நம்பி சர்வரில் இருக்கிற லாக்கை அழித்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.

வெளியே அனுப்பாமல் நாமே ஹோஸ்ட் செய்துகொள்ளலாமே என்றால், அதற்கும் அதன் கவலைகள் உண்டு. பெர்கோனாவின் பிஎம்எம் நல்ல டூல், இலவசம், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், மாங்கோ மூன்றையும் பார்க்கும். வரைபடம் காட்டுகிற கிராஃபானா, டேட்டாபேஸ்களான விக்டோரியாமெட்ரிக்ஸ், க்ளிக்ஹவுஸ் எல்லாம் சேர்ந்த பெரிய கட்டு. அதாவது ஒரு டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள இன்னொரு டேட்டாபேஸை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் நுழைய அட்மின், அட்மின் என்பதுதான் யூசரும் பாஸ்வேர்டும். அதை மாற்றாமல் விட்டால் உங்கள் க்வெரிகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இதில் டாக்கர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சின்ன டீம்கள் எல்லாம் டாக்கரில்தான் இதை ஓட்டுகிறோம். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை ஆன் செய்து எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். டாக்கரில் ஒரு போர்ட்டை பப்ளிஷ் செய்தால் அது லினக்ஸின் ஃபயர்வால் அடுக்கான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. 127.0.0.1 என்று முன்னால் சேர்த்து பப்ளிஷ் செய்யவில்லை என்றால் அந்தப் போர்ட் இன்டர்நெட்டுக்கே திறந்திருக்கும். டேஷ்போர்டைப் போட்டு முடித்ததும் வெளியில் வேறொரு மெஷினிலிருந்து அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பதை ஒரு கட்டாய வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்து கிடப்பதை யாரும் தேடிவந்து பார்க்க மாட்டார்கள் என்று நினைக்க இடமே இல்லை. 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் கிடந்த மாங்கோ டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு ஒரு சீட்டு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. 2020-இல் காசுகூடக் கேட்காமல், அழித்துவிட்டு "மியாவ்" என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போன தாக்குதல் நடந்தது. 2025 ஜனவரியில் ஏஐ நிறுவனமான டீப்சீக்கின் க்ளிக்ஹவுஸ் ஒன்று எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் திறந்திருப்பதை விஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் லாக் வரிகள், அவற்றில் பயனர்களின் உரையாடல்களும் ரகசியச் சாவிகளும். அந்தக் கடைசிச் சம்பவத்தில் திறந்து கிடந்தது லாக் வைக்கிற டேட்டாபேஸ் என்பதைக் கவனியுங்கள். பிரதான டேட்டாபேஸைப் பூட்டுகிற அக்கறை லாக்குக்குக் கிடைப்பதில்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ட்ரையல் காலத்தில் டூலைப் போட்டுவிட்டு, கலர் கலராக வரைபடம் ஓடுவதைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆரோக்கியமாக ஓடுகிற டேட்டாபேஸில் எல்லா டூலும் அழகாகத்தான் இருக்கும். நாங்கள் சோதனைக்கென்று ஒரு ஸ்டேஜிங் பிரதி எடுத்து, பெயர், நம்பர்களை எல்லாம் மாற்றிவிட்டு, அதில் தெரிந்தே சில கோளாறுகளை விதைத்தோம். பிறகு ஒவ்வொரு டூலையும் அதன் மேல் விட்டோம். டீமில் ஒருவர் விதைப்பார், டூலைப் பார்க்கிறவருக்கு என்ன கெடுத்திருக்கிறது என்று சொல்ல மாட்டார். இது மிகவும் பயன்பட்டது. டூல் காட்டுகிறதா என்பதோடு, பார்க்கிற மனிதருக்கு அது புரிகிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பெர்ஃபார்மன்ஸில் என்ன விதைத்தோம் என்று சொல்கிறேன். இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுகிற ஃபாரின் கீ இருக்கிற ஒரு காலத்தின் (column) இன்டெக்ஸை எடுத்துவிட்டோம். போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீக்குத் தானாக இன்டெக்ஸ் போடாது, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போடும். அங்கிருந்து வருகிறவர்கள் இதில் சிக்குவார்கள். தாய் டேபிளில் ஒரு வரியை டெலீட் செய்தால் மொத்தச் சேய் டேபிளையும் அது படித்துத் தீர்க்கும். இதில் சிக்கல் என்னவென்றால் மெதுவாக ஓடுகிற டெலீட்டைப் பார்த்தால் அதில் தப்பு எதுவும் தெரியாது, ஒரே ஐடியில் ஒரே வரி. அடுத்தது, ஒரு டெர்மினலில் டிரான்ஸாக்ஷன் திறந்து ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு கமிட் செய்யாமல் அப்படியே விட்டோம். ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் என்று சொல்கிற இது, சும்மா இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த வரியின் மேல் பூட்டைப் (lock) பிடித்துக்கொண்டிருக்கும், அது திறந்திருக்கும்வரை செத்த வரிகளைத் துப்புரவு செய்கிற வேக்கூம் அவற்றை அள்ளவும் முடியாமல் போகலாம். இதற்கு டைம்அவுட் செட்டிங் 9.6-லிருந்து உண்டு, இயல்பாக ஆஃப். அப்புறம், ஒரு டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்கூமை நிறுத்திவிட்டு லட்சக்கணக்கில் அப்டேட் ஓட்டினோம். பிரதி சர்வர் எதுவரை படித்தது என்று குறித்து வைக்கிற ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்றையும், யாரும் படிக்காதபடி, உண்டாக்கி விட்டோம். அது ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற வால் (WAL) ஃபைல்களை அழிய விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக டிஸ்க்கை நிரப்பும். அதற்கு ஒரு வரம்பு போடும் செட்டிங் 13-லிருந்து இருக்கிறது, அதுவும் இயல்பாக வரம்பில்லாமல்தான் வருகிறது.

இவற்றைவிட நுணுக்கமானது ஒன்று. ஆப்பில் ஒரு லூப்புக்குள் இரண்டு மில்லிசெகண்டில் முடிகிற க்வெரியை வைத்து ஆயிரக்கணக்கில் ஓடவிட்டோம். கூடவே தினம் ஒருமுறை ஓடுகிற, எட்டு விநாடி எடுக்கிற ஒரு ரிப்போர்ட் க்வெரி. எது முதலில் தெரிகிறது? சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்துகிற டூல் ரிப்போர்ட்டைத்தான் தலையில் வைத்துக் காட்டும், மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துவது லூப்பைக் காட்டும். சர்வரை உண்மையில் தின்பது லூப்தான். எந்த டூலைத் திறந்தாலும் முதல் பக்கத்தின் வரிசை எதை வைத்து என்று பாருங்கள். சின்ன டீமில் யாரும் மூன்றாவது பக்கத்துக்குப் போகப் போவதில்லை.

பிஜிஹீரோ எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு டாக்கர் கன்டெய்னர், ஐந்து நிமிஷ வேலை. நீளமாக ஓடுகிற க்வெரி, ஒரே மாதிரி இரண்டு இன்டெக்ஸ், யாரும் தொடாத இன்டெக்ஸ், பாதியில் தோற்று செல்லாமல் கிடக்கிற இன்டெக்ஸ், நிரம்பப் போகிற இன்டிஜர் ஐடி, டிரான்ஸாக்ஷன் ஐடி ஆபத்து எல்லாவற்றையும் எளிய ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். கடைசி விஷயம் சாதாரணமானது இல்லை. 2015-இல் பிழைகளைக் கண்காணிக்கிற சேவையான சென்ட்ரி, 2019-இல் மெயில்சிம்பின் இமெயில் சேவையான மாண்ட்ரில் இரண்டும் டிரான்ஸாக்ஷன் ஐடி தீர்ந்துபோகிற இந்த ஒரே காரணத்தால் படுத்தன, இரண்டிலும் நல்ல இன்ஜினியர்கள் இருந்தார்கள். பிஜிஹீரோவில் குறை என்னவென்றால் அது கூப்பிட்டுச் சொல்லாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். செக்யூரிட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓடுகிற க்வெரியைக் கொல்கிற பட்டன் அதிலேயே இருக்கிறது, ஆகவே டேஷ்போர்டுக்குப் பாஸ்வேர்ட் போடாமல் வைக்கவே கூடாது.

பிஜிபேட்ஜர் வேறு ரகம். ஒரே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். டேட்டாபேஸுக்குள் நுழையவே நுழையாது, லாக் ஃபைலைப் படித்து ஒரு எச்டிஎம்எல் ரிப்போர்ட் கொடுக்கும், அவ்வளவுதான். முதல் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியது இதுதான், ஏனென்றால் இதற்கு எந்த உரிமையும் கொடுக்க வேண்டியதில்லை. மதிப்புகளை மறைத்து ரிப்போர்ட் எடுக்க அனானிமைஸ் என்று ஒரு ஆப்ஷனும் உண்டு, ரிப்போர்ட்டை டீமில் பகிரும்போது அதைப் போட்டே எடுக்கிறோம். ஆனால் லாக்கில் இல்லாதது அதற்குத் தெரியாது. லாக் வெயிட்ஸ் (பூட்டுக்காகக் காத்திருப்பது), டெம்ப் ஃபைல்ஸ், ஆட்டோவேக்கூம், செக்பாயின்ட் லாக் செட்டிங்ஸை எல்லாம் நாம் ஆன் செய்து கொடுத்தால்தான் அது முழுசாகப் பேசும்.

இன்டெக்ஸ் போடச் சொல்கிற ஆலோசனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா டூலும் சொல்லும், அப்படியே கேட்க வேண்டாம். ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதுகிற வேலையைக் கூட்டுகிறது. யாரும் தொடாத இன்டெக்ஸ் என்று காட்டுவதையும் உடனே அழிக்க வேண்டாம். பிரதி சர்வரான ரெப்ளிகாவில் பயன்பட்டுக்கொண்டிருக்கலாம், பிரதான சர்வரான பிரைமரியின் புள்ளிவிவரத்தில் அது தெரியாது. க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கமாண்ட் அந்த க்வெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதையும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், டெலீட்டின் மேல் போட்டால் டெலீட் ஆகிவிடும்.

இப்போது செக்யூரிட்டி பக்கம் விதைத்தவை. யார் எப்படி உள்ளே வரலாம் என்று எழுதி வைக்கிற பிஜி எச்பிஏ ஃபைலில் ஒரு டிரஸ்ட் வரி, அதாவது பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுவது. சூப்பர்யூசர் உரிமையோடு ஒரு பழைய ரோல். எம்டி5 என்ற பழைய, பலவீனமான ஹாஷ் முறையில் கிடக்கிற ஒரு பாஸ்வேர்ட். பதிப்பு 14-லிருந்து புதிய பாஸ்வேர்டுகள் அதைவிட வலுவான ஸ்க்ராம் முறையில் போனாலும் அப்கிரேட் செய்யும்போது பழையவை அப்படியேதான் வரும், 2025-இல் வந்த 18-இல் எம்டி5-ஐக் கைவிடப் போவதாக அறிவித்தும்விட்டார்கள். டிஎல்எஸ் என்ற குறியாக்கம் இல்லாமல் வருகிற ஒரு கனெக்ஷன். ஆப்கள் போஸ்ட்கிரெஸோடு பேசப் பயன்படுத்துகிற லிப்பிக்யூ லைப்ரரி இயல்பாக வைத்திருக்கிற ப்ரிஃபர் என்ற நிலை, டிஎல்எஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் வெறுமனே போய்விடும், சான்றிதழைச் சரிபார்க்கவும் செய்யாது. பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உண்டாக்கலாம் என்கிற பழைய அனுமதி; 15-இல் இதை எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய டேட்டாபேஸை அப்கிரேட் செய்து கொண்டுவந்தால் பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும்.

முடிவைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். "செக்யூரிட்டி மற்றும் பெர்ஃபார்மன்ஸ்" என்று ஒரே மூச்சில் விற்கப்பட்ட டூல்களில் செக்யூரிட்டி பக்கம் மெலிசாகவே இருந்தது. பதிப்பு பழசு, பேட்ச் போடுங்கள் என்று சொல்வதோடு சில நின்றுவிட்டன. அதுவும் அவசியம்தான். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து வருஷம்தான் தாங்குகிறது. 12 முடிந்தது 2024 நவம்பரில், 13 முடிந்தது 2025 நவம்பரில். ஆனால் நாங்கள் விதைத்த டிரஸ்ட் வரியைக் கண்டுபிடிக்காத டூலுக்கு, செக்யூரிட்டி என்ற பெயருக்காகக் கூடுதல் பிளான் காசு கொடுக்க முடியாது. அதைவிட, இவை எல்லாவற்றையும் நாமே சில எஸ்க்யூஎல் வரிகளில் பார்த்துவிட முடிகிறது. எச்பிஏ ஃபைலின் விதிகளை அப்படியே டேபிளாகக் காட்ட பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ் என்ற வியூ இருக்கிறது. எந்தக் கனெக்ஷன் டிஎல்எஸ் இல்லாமல் வருகிறது என்பதை பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் சொல்லும். யார் சூப்பர்யூசர் என்பது பிஜி ரோல்ஸில், எம்டி5 பாஸ்வேர்ட் யாருடையது என்பது பிஜி ஆத்ஐடியில். இதை ஒரு ஸ்கிரிப்டாக்கி, தினம் காலையில் ஓடவிட்டு, நேற்றைய முடிவோடு ஒப்பிட்டு மாறியிருந்தால் மட்டும் செய்தி அனுப்பச் செய்துவிட்டோம். உரிமை அதிகம் தேவைப்படுகிற இந்த வேலை நம் சர்வரைவிட்டு வெளியே போகாமல் நம் கையிலேயே இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. எதையெல்லாம் சேர்க்கலாம் என்று தெரியாவிட்டால் போஸ்ட்கிரெஸுக்கான பாதுகாப்பு வழிகாட்டியான சிஐஎஸ் பெஞ்ச்மார்க்கை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்க உதவும்.

செய்தி அனுப்புவது பற்றிப் பேசும்போது கோட் வைத்துக்கொள்கிற சேவையான கிட்லேபின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜனவரி 31-இல் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சரி பேக்கப் எடுப்போம் என்று போனால் பேக்கப்பே இல்லை, டேட்டாபேஸ் 9.6, பேக்கப் எடுக்கிற டம்ப் புரோகிராம் 9.2, அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதும் இமெயில் போகத்தான் செய்தது, ஆனால் இமெயில் நிஜமானவரிடமிருந்துதான் வருகிறதா என்று பார்க்கிற டிமார்க் சோதனையில் தேறாமல் அந்த இமெயில்கள் நிராகரிக்கப்பட்டன, யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதை அவர்களே வெளிப்படையாக எழுதியது பெரிய மனசு, நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள அதில் அவ்வளவு இருக்கிறது. ஆகவே எந்த டூலாக இருந்தாலும் அலெர்ட்டை செட்டிங்ஸில் ஆன் செய்துவிட்டோம் என்று விடாதீர்கள். நிஜமாகவே ஒன்றைக் கெடுத்து, போனில் மணி அடிக்கிறதா என்று காத்திருந்து பாருங்கள். பேக்கப்பையும் ரீஸ்டோர் செய்து பாருங்கள், அதை எந்தப் பெர்ஃபார்மன்ஸ் டூலும் உங்களுக்காகச் செய்யப் போவதில்லை.

டூலே சர்வரை மெதுவாக்குமா என்ற கவலைக்கு போஸ்ட்கிரெஸோடு வருகிற, வேகத்தை அளக்கிற பிஜிபெஞ்ச் போதும். அதன் இயல்பான சோதனை நம் ஆப் மாதிரி இருக்காது, அதனால் நம்முடைய முக்கியமான க்வெரிகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி அதைக் கொடுத்து ஓட்டுங்கள். டூல் இல்லாமல், டூலோடு, மறுபடி டூல் இல்லாமல் என்று மாற்றி மாற்றி ஓட்டினால்தான் நம்பகமாக இருக்கும். க்வெரி பிளான்களை லாக்கில் எழுதுகிற ஆட்டோ எக்ஸ்ப்ளெய்னில் அனலைஸை ஆன் செய்யச் சொல்கிற டூல்களிடம் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு படியின் நேரத்தையும் அளக்கிற டைமிங்கை ஆஃப் செய்தால் சுமை நன்றாகக் குறையும்.

கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்டது இது. பிஜி மானிட்டர் ரோலில், உள்நெட்வொர்க்கில் மட்டும் திறக்கிற பிஜிஹீரோ. வாரம் ஒருமுறை பிஜிபேட்ஜர் ரிப்போர்ட், அதை ஒருவர் படித்துவிட்டு மூன்று வரியில் டீமுக்கு எழுத வேண்டும், முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். செக்யூரிட்டிக்கு மேலே சொன்ன ஸ்கிரிப்ட். பிஎம்எம்மை விட்டுவிட்டோம், அது மோசம் என்பதால் இல்லை, அதைப் பராமரிக்க எங்களிடம் ஆள் இல்லை என்பதால். நாலைந்து டேட்டாபேஸ் சர்வர் வைத்திருக்கிற டீமுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். காசு கட்டுகிற சேவை தேவைப்படும் நாள் வரும், அப்போது வடிகட்டும் செட்டிங்ஸோடு எடுப்போம். யார் எந்த டேபிளைத் தொட்டார்கள் என்று பதிவு செய்கிற பிஜிஆடிட்டை எல்லா டேபிளுக்கும் போட்டால் லாக் வீங்கிவிடும், அதனால் பணம் சம்பந்தப்பட்ட டேபிள்களுக்கு மட்டும் அப்ஜெக்ட் முறையில் போடப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே இரண்டு கேள்விதான், இடங்கள் மட்டும் மாறும். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் டைஜெஸ்ட் டேபிளில் மதிப்புகள் கேள்விக்குறியாக மாறியிருக்கும், ஸ்லோ க்வெரி லாக்கில் முழுசாக இருக்கும், ப்ராசஸ் உரிமை கொடுத்தால் மற்றவர்களின் ஓடுகிற க்வெரிகள் தெரியும். யூசர் உண்டாக்குகிற கமாண்டில் இருக்கிற பாஸ்வேர்டை மைஎஸ்க்யூஎல் லாக்கில் மறைத்துத்தான் எழுதுகிறது, அந்த ஒரு விஷயத்தில் போஸ்ட்கிரெஸைவிட மேல். பிஜிபேட்ஜரின் இடத்தில் அங்கே பெர்கோனாவின் பிடி க்வெரி டைஜெஸ்ட் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.